சலித்துக்கொள்ளாத ஒற்றன்

நூற்றுத் தொண்ணூறு பக்கம் தாண்டியாகிவிட்டது, இன்னும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஆவுடையப்பன் படித்த இடத்தில் விரலைக் கொடுத்துப் புத்தகத்தை மூடி அட்டையைப் பார்த்தான். அட்டையில் என்னவோ துப்பாக்கி இருக்கத்தான் செய்தது, புகையோடு. நூலகத்தில் ஒட்டிய எண் சீட்டு அதன் வாய்க்கு நேராக வந்து அடைத்திருந்தது. இந்தப் புத்தகத்து ஒற்றன் கெல்வே, இதே ஆள், படத்தில், முதல் ஐந்து நிமிஷத்துக்குள் மூன்று பேரைச் சுட்டுவிட்டுப் பாலத்திலிருந்து ஓடுகிற ரயில்மேல் குதித்து, கோட்டில் ஒட்டிய தூசியை இரண்டு விரலால் தட்டிவிடுவான். நாலு படம் வந்தது. முதல் இரண்டைத் தியேட்டரில் பார்த்தான், மற்ற இரண்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவியில், நாலையுமே பெண்டாட்டி கோமுவோடு. தமிழில் கெல்வேக்குக் குரல் கொடுத்தவன் யாரோ மெட்ராஸ்காரன், வில்லனைப் பார்த்து "இன்னா நைனா, கூட்டாளிங்கல்லாம் எங்க?" என்று கேட்பான், தியேட்டரே கைதட்டும். கோமு கைதட்டமாட்டாள். இடைவேளைக்கு முன்னாலேயே அவன் காதுப் பக்கம் சாய்ந்து, "அந்தக் கண்ணாடி போட்டவன்தான் காட்டிக்கொடுக்கப் போறான், பாருங்க" என்பாள். அவன்தான் காட்டிக்கொடுப்பான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், "எல்லாரும் கெல்வேயப் பாக்காவ, அவன் மட்டும் கெல்வே கையப் பாக்கான்" என்பாள். ஒருதரம், கெல்வே நீச்சல் குளத்தில் ஒரு தங்கமுடிக்காரியோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது, "இந்தாளுக்கு யாரு சோறு போடுதா? நாலு படத்துல ஒரு வாய் தின்னு பாத்தியளா?" என்று கேட்டாள். புத்தகத்துக் கெல்வே தின்கிறான். தினமும் அவித்த உருளைக்கிழங்கு. எதிரி நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் பதினோரு வருஷமாக, சுவரில் ஒட்டுகிற பூப்போட்ட காகிதம் விற்கிறவனாக வேஷம் கட்டிக்கொண்டு ஒரு வாடகை அறையில் இருக்கிறான். காலையில் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான், எந்தக் கப்பல் எப்போது வந்தது என்று மனசில் வைத்துக்கொள்கிறான், சாயங்காலம் திரும்புகிறான். மழை பெய்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மொழிபெயர்ப்பாளர், 'ஒற்றன் கெல்வேக்குக் கால் நனைந்தது' என்று எழுதுகிறார். அவ்வளவுதான் அந்த அத்தியாயம். திங்கட்கிழமை இதை எடுத்தபோது, பத்துப் பக்கத்தில் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று நினைத்தான். இன்றைக்கு வியாழன். ஒரே நாளில் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் அப்புறம் நாளைக்கு என்ன செய்வது என்றுதான் படி அளக்கிறமாதிரி அளந்து படித்துக்கொண்டிருக்கிறான்.

மாதிரிப் பெட்டி என்ற சொல் வருகிற இடத்திலெல்லாம் அவன் கால் தானாக மேஜைக்கு அடியில் போய்த் தன் பையைத் தொட்டுப் பார்த்தது. பையில் சாப்பாட்டுத் தூக்கு, அதற்குப் பக்கத்தில் கூட வேலை பார்த்த இருதயராஜின் டப்பா, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கவுன். கவுனை நினைத்ததும் காலை இழுத்துக்கொண்டான். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமைதான் அதுவும், அவன் இருந்த பார்சல் கம்பெனியின் இந்த ஊர்க் கிளையை மூடிவிட்டார்கள். காலையில் போனால் ஷட்டரில் புதுப் பூட்டு, ஒரு வெள்ளைத்தாள், தாளை ஒட்டின கோந்துகூடக் காயவில்லை. மேனேஜர் போனை எடுக்கவில்லை. இருதயராஜ் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "போச்சா மாப்ள?" என்றான், ஏதோ கிரிக்கெட் விக்கெட் மாதிரி. அந்த வாரமே பெண்டாட்டி ஜெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்குப் போய்விட்டான், அவன் மாமனாரின் ஹார்டுவேர்க் கடைக்கு. ஆவுடையப்பன் அன்றைக்கு நேரே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகத்தான் செய்தான். வாசலில் கோமுவின் அண்ணன் செருப்புக் கிடந்தது. அந்த அண்ணன்தான் போன வருஷமே, "அந்தக் கம்பெனி ஓடாது மாப்பிள, நம்ம மில்லுக்கு வந்திருங்க" என்று சொன்னவர். இவன்தான் பெரிதாக, எனக்கு அங்கே மரியாதை இருக்கு என்று சொல்லிவிட்டான். அந்தச் செருப்பைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய் ஜங்ஷனில் நின்றுவிட்டு ஆறு மணிக்கு வந்தான். அண்ணன் போனதும் சொல்லிவிடலாம். அண்ணன் போனார். கோமு காப்பியோடு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று, தினமும் கேட்கிற மாதிரியே, "ம், ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் அவன் பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்றுகூடச் சொல்லலாம். வெளியில் வாய் திறக்காதவன், அந்த நிலைப்படிக்கு முன்னால் மட்டும் மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவான், லாரி டிரைவர் மாதிரி இருமிக் காட்டுவான். அவள் சிரிக்கிற சிரிப்பில் காப்பி தளும்பும். பிள்ளையில்லாத வீட்டில் சாயங்காலத்துக்கு வேறு என்ன சத்தம் உண்டு? அன்றைக்கும் அவள் அப்படி நின்றாள். அவனும் ஒரு கதை சொன்னான். நடக்காத ஒன்று. அவள் சிரித்தாள்.

முதல் பொய்யில் வழுக்கல் இல்லை. டப்பாவில்தான் வழுக்கியது. கோமு ஆறு வருஷமாக இருதயராஜுக்கு ஒரு சின்ன டப்பாவில் தனியாகக் குழம்போ கூட்டோ கொடுத்து விடுவாள், அவள் கல்யாணத்துக்கு வந்த சில்வர் டப்பா, மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். இருதயராஜுக்குக் கத்திரிக்காய் மட்டும் ஆகாது. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன் தெரியாமல் தின்றுவிட்டு முழங்கை முழுக்கத் தடித்துப்போய், "மைனி, கொல்லப் பாத்தியளே!" என்று சொறிந்துகொண்டே கத்தினதும், ஜெஸ்ஸி சிரித்துச் சிரித்துப் புரை ஏறினதும் வீட்டில் இன்னும் பேச்சு. அதிலிருந்து ஆவுடையப்பன் தூக்கில் எண்ணெய்க் கத்திரிக்காய் இருக்கிற நாளில் அவன் டப்பாவில் வாழைக்காயோ உருளைக்கிழங்கோ இருக்கும். ஒருநாள்கூடத் தவறினதில்லை. ஜெஸ்ஸியும் டப்பாவை வெறுமையாகத் திருப்பியதில்லை. கை நிறைய அச்சு முறுக்கு, இல்லாவிட்டால் நாலு நெல்லிக்காய், ஒன்றுமே இல்லாத அன்றைக்குக் கொஞ்சம் சீனியாவது போட்டு அனுப்புவாள். கம்பெனி பூட்டின பிறகு இரண்டு பேர் சாப்பாட்டையும் இவனே தின்றான், இந்த நூலகத்துப் பின்பக்க வேப்பமரத்தடியில். கொட்ட மனசு வரவில்லை. பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப்போட வேண்டியதாயிற்று. உலகத்திலேயே வேலை போய்க் கொழுத்தவன் தானாகத்தான் இருக்கும். தின்றவனுக்கு டப்பாவில் ஏதாவது போட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. இரண்டு நாள் வெறும் டப்பா போனது. மூன்றாம் நாள் கோமு அதைக் கழுவப் போகும்போது கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ஜெஸ்ஸி ஊர்ல இல்லையா?" என்று கேட்டாள். அவளே கை நீட்டித் தூக்கிவிட்டமாதிரி இருந்தது. ஆமாம் என்றான். எங்கே? தங்கச்சி பிரசவத்துக்கு. என்ன பிள்ளை? பொம்பளப்பிள்ளை. பேர் வைத்தாச்சா? ரெபேக்கா என்றான். எங்கிருந்து வந்தது அந்தப் பேர் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை, யாரோ வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போனமாதிரி வந்தது. கோமு அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். போன சனிக்கிழமை பஜாருக்குப் போய் ஒரு கவுன் வாங்கி வந்தாள், மஞ்சள், கழுத்தில் வாத்துப் படம், உள்ளங்கையில் விரித்துவைத்து, "இம்புட்டூண்டுதான் இருப்பா என்ன?" என்றாள். அதைத் திங்கட்கிழமை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன்தான் இங்கே, எந்த அலமாரி என்றும் பார்க்காமல் நின்றவன், கெல்வே என்ற பேரைக் கண்டதும் பள்ளிக்கூடத்து சிநேகிதனைக் கண்டமாதிரி எடுத்துக்கொண்டான். அன்றைக்குச் சாயங்காலம், ஜெஸ்ஸி ஊரிலிருந்து வந்துவிட்டாள், கவுனைப் பார்த்து ஒரே சந்தோஷம் என்று சொன்னான். செவ்வாய்க்கிழமை ஞாபகமாக பேக்கரியில் அச்சு முறுக்கு வாங்கி டப்பாவில் அடைத்துக்கொண்டு போனான். கோமு ஒன்றை எடுத்துக் கடித்தாள். நன்றாயிருக்கு என்றாள்.

"அண்ணா, நீங்க எந்தக் குரூப்புக்குப் படிக்கீங்க?" எதிர் நாற்காலிப் பெண், ஜன்னத், சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறவள், மூன்று வாரமாக அதே மேஜை, இன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்கிறாள். குரூப் ஃபோர் என்றான். வாய் எவ்வளவு சுலபமாகப் பழகிவிடுகிறது! அவள் புத்தகத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "குரூப் ஃபோர் சிலபஸ்ல ஒற்றன்லாம் வருதாக்கும்" என்று சிரித்தாள். பிறகு, "நான் படம் பாத்திருக்கேன்ணா. ஆனா புக்ல கிளைமாக்ஸ் வேற, தெரியுமா? படத்துல அந்த வீட்டுக்காரம்மாவே கிடையாது…" "சொல்லிராதம்மா" என்றான், தானே எதிர்பாராத வேகத்தில். பக்கத்து மேஜையில் பேப்பர் படிக்கிறவர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னத் வாயில் பூட்டுப் போட்டுச் சாவியைத் தூர எறிகிறமாதிரி காட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரம்மாவா? ஆமாம், படத்தில் அப்படி யாரும் கிடையாது. புத்தகத்தில் இருக்கிறாள், கெல்வேக்கு அறையை வாடகைக்கு விட்ட விதவை, முழங்கால் வலிக்காரி, கெல்வே கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அடுப்பை ஏற்றுகிறவள். அவள் வருகிற பக்கமெல்லாம் ஆவுடையப்பன் சாவதானமாகப் படிப்பான்; அங்கே ஆபத்து ஒன்றும் இல்லை, உருளைக்கிழங்கு மட்டும்தான் என்று. கோமு இதைப் படமாகப் பார்த்திருந்தால் இடைவேளைக்கு முன்னால் என்ன சொல்லியிருப்பாள்? மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் டக்கென்றது. அவன் விரலை எடுத்துப் பக்கத்தை விரித்தான். இன்றைக்கு ஓர் அத்தியாயம்தான் என்று வைத்திருந்தது எங்கேயோ போயிற்று. கப்பல் வந்தது, போனது, துறைமுகத்தில் யாரையோ பிடித்தார்கள், கெல்வே இல்லை, இன்னொருவன். கெல்வே நனைந்த கால்களோடு வீட்டுக்கு வருகிறான், அவள் தட்டை வைக்கிறாள், இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று கேட்கிறாள், நல்ல வியாபாரம் அம்மணி என்கிறான் அவன், பதினோரு வருஷமாகச் சொல்கிறமாதிரியே. இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம். அவள் எதிரில் உட்காருகிறாள். இதற்கு முன்னால் அவள் உட்கார்ந்ததே இல்லை. 'ஐயா, என் புருஷன் முப்பது வருஷம் சாயப்பட்டறைக்குப் போனவர். ஒருநாள் தவறாமல் அந்தப் பட்டறையைத் திட்டினார். முதலாளியை, புகையை, கூலியை, தூக்கத்தில்கூடத் திட்டினார். வேலைக்குப் போகிறவன் சலித்துக்கொள்ளாமல் இருக்கமாட்டான். நீங்கள் ஒரே ஒரு நாள் சலித்துக்கொண்டிருந்தால் நான் நம்பியிருப்பேன்.'

அவன் அதை மறுபடி படித்தான். மறுபடியும். எழுத்துக் கறுப்பாக, அசையாமல், அதே இடத்தில் இருந்தது. கெல்வே என்ன செய்தான், கையில் முள்கரண்டி இருந்ததா, ஓடினானா, அடுத்த வரி என்ன என்று கண் போக மறுத்தது. போன இடம் வேறு, அடுக்களை நிலைப்படி. மூன்று வாரமாகத் தான் சொன்ன கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தான். மேனேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். லாரி நேரத்துக்கு வந்துவிட்டது. இருதயராஜ் சினிமாப் பாட்டை மாற்றிப் பாடினான், எல்லோரும் சிரித்தோம். புதிதாக ஒரு மின்விசிறி மாட்டியிருக்கிறார்கள். கடவுளே, மின்விசிறிகூட வாங்கிக் கொடுத்திருக்கிறான் அந்தப் பூட்டிக்கிடக்கிற ஆபீஸுக்கு! ஒரு நாளாவது அந்த மேனேஜரைக் களவாணிப்பய என்று சொன்னானா? முன்னேயெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவான், கோமு, "முதல்ல கால அலம்புங்க, பெறவு அவரக் கொல்லலாம்" என்பாள். வேலை போனபிறகு அந்த இடம் அவன் வாயில் சொர்க்கமாகிவிட்டது. இல்லாத ஒன்றைத் திட்ட யாருக்கு மனசு வரும்? செத்தவரைப் பேசுகிறமாதிரியல்லவா பேசியிருக்கிறான்! சரி, பதற வேண்டாம், கெல்வேயாக இருந்தால் பதறமாட்டான், படத்துக் கெல்வே. புத்தகத்துக் கெல்வேதான் பதறுவான். இன்றைக்குப் போனதும் திட்ட வேண்டும். என்ன திட்டுவது? லீவு கேட்டேன், தரமாட்டேன் என்றான். இல்லை, எடை மெஷின் தகராறு. உதட்டை அசைத்து ஒத்திகை பார்த்தான், அந்த மேனேஜர் இருக்காரே கோமு, அந்த மேனேஜர் இருக்காரே. வரவில்லை. கோபம் இருந்த இடத்தில் கோந்து காயாத ஒரு வெள்ளைத்தாள்தான் இருந்தது. இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பிவிட்டால் இந்த மூன்று வாரமும் நடக்காததாகிவிடும், மடித்து அலமாரிக்கு அடியில் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தான். ரெபேக்காவை எங்கே மடித்துப் போடுவது? அவளுக்குப் பல் முளைக்கும், கோமு கேட்பாள். அவள் பள்ளிக்கூடம் போவாள், கோமு கேட்பாள்.

ஜன்னத் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் மணி ஒன்று என்று தெரிந்தது. புத்தகத்தைத் திறந்தபடி கவிழ்த்துவைத்துவிட்டுப் பையோடு பின்பக்கம் போனான். வேப்பமரத்தடியில் சிமெண்டுப் பலகை சுட்டது. தூக்கைத் திறந்தான்: சோறு, சாம்பார், மேல் தட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய், காம்போடு நாலாகப் பிளந்து, எள் மணக்க, அவனுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி. ஒரு வாய் தின்றான். இருதயராஜின் டப்பாவில் இன்றைக்கு வாழைக்காயாக இருக்கும், அதை அப்புறம் தின்னலாம் என்று ஒதுக்கினவன், பழக்கத்தில் கொக்கியைத் தள்ளி மூடியைத் திறந்தான். டப்பா நிறைய எண்ணெய்க் கத்திரிக்காய். அவன் முதலில் மாற்றித் திறந்துவிட்டோமோ என்றுதான் பார்த்தான். இல்லை, தூக்கு அங்கே, டப்பா இங்கே, மூடியில் அவள் பெயர். கை தவறிப் போட்டுவிட்டாளோ? கோமுவா? ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறாதவளா? அவனுக்குப் பிடித்த பிஞ்சுகளாகப் பொறுக்கி அந்த டப்பாவில் வைத்திருந்தாள்; தூக்கில் இருந்ததைவிட இதில்தான் பிஞ்சு அதிகம். வேப்பம்பழம் ஒன்று பலகையில் விழுந்து உருண்டது. காலையில் தூக்கைக் கையில் கொடுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது? பார்த்தானா? மூன்று வாரமாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினானா? எல்லோரும் கெல்வேயைப் பார்ப்பார்கள், அவள் கையைத்தான் பார்ப்பாள். எப்போதிலிருந்து தெரியும்? வெறும் டப்பாவைத் தட்டினாளே, அப்போதா, ஜெஸ்ஸி ஊர்ல இல்லையா என்று கேட்டது கேள்வியா, தூண்டிலா? அப்படியானால் கவுன்? தெரிந்தே வாங்கினாளா? தெரியாமல் வாங்கினாளா? இரண்டில் எது அதிகக் கொடுமை என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை, தராசு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. அவன் கத்திரிக்காயைத் தின்றான். ஒவ்வொன்றாக, காம்பைச் சப்பி, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல், கண்ணில் நீர் வந்தது காரத்தால் என்று சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லாமல். குழாயில் டப்பாவைக் கழுவினான். உள்ளே வந்து, கவிழ்ந்துகிடந்த புத்தகத்தை எடுத்தான். இன்னும் பத்தொன்பது பக்கம். அந்த அம்மாள் கெல்வேயைக் காட்டிக்கொடுத்தாளா, இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாளா என்று அதில் இருக்கும். அலமாரியில், எடுத்த இடத்திலேயே செருகினான். "முடிச்சிட்டீங்களாண்ணா?" என்றாள் ஜன்னத். "இல்லம்மா" என்றான். இந்த மேஜையில் அவன் சொன்ன முதல் நிஜம்.

ஒன்றேமுக்கால் மணிக்கு வேலைக்குப் போகிறவன் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பஸ்ஸில் பாதி இடம் காலி. பேக்கரி நிறுத்தத்தில் பஸ் நின்றபோது கண்ணாடி ஜாடியில் அச்சு முறுக்கு தெரிந்தது, அவன் இறங்கவில்லை. தெருவில் தன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. இந்த நேரத்து நிழலை இந்தத் தெருவில் அவன் பார்த்ததே இல்லை, யாரோ வேறு ஆளுடையது மாதிரி இருந்தது. மாதிரிப் பெட்டி, மாதிரிப் பெட்டி என்று பை முழங்காலில் இடித்தது. கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே கோமு திறந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி, "வெயில்ல நடந்தா வந்திய?" என்றாள். சீக்கிரம் வந்ததைக் கேட்கவில்லை. அவன் பைக்குள் கை விட்டுச் சின்ன டப்பாவை எடுத்து நீட்டினான். அவள் வாங்கினாள், கொக்கியைத் தள்ளித் திறந்தாள், கவிழ்த்துத் தட்டினாள். கழுவின தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது.

"ஜெஸ்ஸி ஒண்ணும் குடுத்து விடலையாக்கும்."

"ஜெஸ்ஸி நாசரேத்துக்குப் போயி மூணு வாரமாச்சு கோமு. இருதயராஜும்தான். கம்பெனியப் பூட்டிட்டாவ."

"தெரியும். கடை முறுக்குன்னு வாயில வச்சதுமே தெரிஞ்சிச்சு. நேத்து உங்க பின்னாடியே அடுத்த பஸ் பிடிச்சு வந்தேன். பூட்டையும் பாத்தேன். பெறவு லைப்ரரி வாசல்ல உங்க செருப்பக் கண்டு, ஜன்னல்ல நின்னு உங்களையும் பாத்தேன். ஒரு பக்கத்தையே வச்சிக்கிட்டு எம்புட்டு நேரம் உக்காந்திருந்திய!" குரல் ஏறவில்லை. டப்பாவை மூடினாள், திறந்தாள். "கவுனு வாங்கும்போது மட்டும் தெரியாது."

அவன் பையின் அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தான். மூன்று நாள் சோற்றுத் தூக்கின் கீழே கிடந்து நசுங்கியிருந்தது, வாத்தின்மேல் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. கோமு அதை வாங்கி, தரையில் உட்கார்ந்து தொடையில் வைத்து மடிப்பை உள்ளங்கையால் நீவினாள். நீவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போனாள். அலமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, அடுப்புப் பற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் காப்பி இருந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு, அடுக்களை நிலையில், சாயாமல், நேராக நின்றாள்.

"ம். ஆபீஸ்ல என்ன விசேஷம்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தான். முதலில் அந்த ஷட்டர் வந்தது, புதுப் பூட்டு வந்தது, காயாத கோந்து வந்தது, போனை எடுக்காத மேனேஜரின் சொட்டைத் தலை வந்தது. "அந்த மேனேஜர் இருக்கானே கோமு," என்று ஆரம்பித்தான், "களவாணிப்பய…" மூன்று வாரத்துத் திட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வெளியே வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் கடைசி வரைக்கும் நின்று கேட்டாள்.